காரைக்கால் துட்டும் ஜெர்மன் தங்கமும்

பழைய ஜெர்மன் சிற்றரசுகளின் மாதிரித் தங்க நாணயம் ஒன்று ஏலத்துக்கு வந்தால், எடைக்குரிய தங்க விலையைப் போலப் பல மடங்கு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார்கள். புது நாணயம் வெளியிடும் முன், அச்சு சரியாக விழுகிறதா, மன்னர் முகம் தெளிவாக வந்திருக்கிறதா என்று பார்க்க அக்கசாலையில் சில காசுகள் மட்டும் அடிப்பார்கள். அவை கடைவீதிக்கு வருவதில்லை. அதனால்தான் அந்த விலை. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, ஹாம்பர்க் என்று ஆளுக்கொரு நாணயம் இருந்த நாடு அது. 1871 டிசம்பர் 4-ஆம் தேதிச் சட்டம் 10, 20 மார்க் தங்க நாணயங்களைப் பொதுவாக்கிய பிறகும், ஒரு பக்கம் பேரரசின் கழுகு, மறுபக்கம் அந்தந்த மன்னர் முகம், ஹாம்பர்க் போன்ற நகரம் என்றால் நகரச் சின்னம் என்றே அடித்தார்கள்.

ஆளுக்கொரு நாணயம் என்பதில் நம் கரையிலும் இதே கதைதான். காரைக்காலுக்குச் சற்று வடக்கே தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர்களின் மன்னர், ஹோல்ஸ்டைன் என்ற ஜெர்மன் சிற்றரசுக்கும் கோமகன். ஏழாம் கிறிஸ்தியான் பெயரில் அவர்கள் அடித்த தங்க வராகனில் ஒரு பக்கம் கிரீடத்தின் கீழ் அவருடைய பெயரெழுத்து, மறுபக்கம் சுவாமி உருவம். இன்று அது அரிதிலும் அரிது. 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றதோடு அந்த நாணயங்களின் காலமும் முடிந்தது.

1739-இல் காரைக்காலுக்கு வந்த பிரெஞ்சுக்காரர்கள், அதற்கு மூன்றாண்டு முன்பே ஆற்காடு நவாப் தோஸ்த் அலியிடம் ரூபாய் அடிக்கும் உரிமை பெற்றிருந்தார்கள். புதுச்சேரி அக்கசாலையில் ரூபாயோடு வராகனும் பணமும் துட்டும் காசும் வந்தன. செம்புத் துட்டில் ஒரு பக்கம் பிரெஞ்சு மன்னரின் லில்லி மலர், மறுபக்கம் தமிழில் ‘புதுச்சேரி’. காரைக்காலுக்கென அடித்த செம்புக் காசுகளில் ‘காரைக்கால்’ என்றே தமிழில் இருக்கும். செம்பு வில்லையைவிட அச்சு பெரிது என்பதால் பல காசுகளில் ஓரத்து எழுத்து பாதிதான் விழுந்திருக்கும். தேய்மானம் என்று நினைத்து ஒதுக்கிவிட வேண்டாம்.

ஏலக் கணக்கில் இந்தத் துட்டு ஜெர்மன் தங்கத்தின் பக்கத்தில் நிற்காது. ஆனால் அந்த மாதிரித் தங்கக் காசு யார் கையிலும் புழங்கவில்லை. இதைக் கொடுத்து இந்த ஊர்ச் சனங்கள் உப்பும் மீனும் வாங்கினார்கள். என் பார்வையில் இதுதான் பெரிய சொத்து.

வீட்டுப் பரணிலோ வயல் மண்ணிலோ இப்படி ஒன்று கிடைத்தால் புளி போட்டு விளக்காதீர்கள். எழுத்தின் கூர்மை போய்விடும். பாத்திரக் கடையில் எடைக்குப் போடாதீர்கள். நூறாண்டு தாண்டிய நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும். தனியார் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. எங்கே கிடைத்தது என்று ஒரு தாளில் எழுதி, காசோடு சேர்த்து வைத்து, அருங்காட்சியகத்தில் காட்டுங்கள்.