கணினியின் உத்தரவாதமும் கணக்கரின் கையொப்பமும்

ஐக்கிய அமெரிக்காவிலே ஏப்பிரல் மாதம் 15 ஆந் திகதி நாடு முழுவதும் நினைவில் வைத்திருக்கும் ஒரு நாள். முந்திய ஆண்டில் ஈட்டிய வருமானம் இவ்வளவு, அதற்குரிய வரி இவ்வளவு எனக் குடிமக்கள் தாமே கணக்கிட்டு, வருமானவரி விபரத்திரட்டை அந்நாளுக்குள் இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிடல் வேண்டும். அந்நாட்டின் அரசியலமைப்பு 1913 ஆம் ஆண்டிலே திருத்தப்பட்டு இன்றைய வருமானவரி நடைமுறைக்கு வந்தபோது, முதலாவது படிவம் விளக்கக் குறிப்பையும் சேர்த்து நான்கே பக்கங்களில் அடங்கியிருந்தது. இன்றோ வரிச் சட்டமும் அதன்கீழ் எழுந்த விதிகளும் ஆயிரக்கணக்கான பக்கங்களாகப் பெருகிவிட்டன. ஆண்டுதோறும் 15 கோடிக்கு மேற்பட்ட விபரத்திரட்டுகள் அனுப்பப்படுகின்றன. அவற்றுள் ஏறத்தாழ அரைப்பங்கினை மக்கள் தாமே எழுதுவதில்லை. கூலிக்கு எழுதிக் கொடுப்பவர்களிடம் ஒப்படைத்துவிடுகின்றார்கள்.

இவ்வாறு எழுதிக் கொடுப்போரைப் பொதுவாக வரிக் கணக்கர் எனலாம். அவர்களுட் பொதுக் கணக்காளர்கள் உளர், சட்டத்தரணிகள் உளர், திணைக்களம் நடத்தும் பரீட்சையிற் சித்தியெய்தி, கட்சிக்காரருக்காக அதன் முன்னிலையில் வாதிடும் உரிமை பெற்ற முகவர்களும் உளர். இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஓர் இயல்பு வெளியார்க்கு வியப்பை அளிக்கக் கூடியது. கணினி மென்பொருள் இன்றி இவர்களால் ஒரு நாளேனும் தொழில் செய்ய முடியாது. ஆயினும், அம்மென்பொருளை விற்கும் கம்பனி தன் சரக்கைப்பற்றிச் சொல்வனவற்றை இவர்கள் எளிதில் நம்புவதில்லை. கம்பனி புதிய வசதியொன்றை முழங்கும்போது இவர்கள் முதலிற் செய்வது சந்தேகிப்பதே. புதுமையை வெறுக்கும் பழைமைவாதிகள் என்று இவர்களைத் தள்ளிவிடலாமா? அல்லது அச்சந்தேகத்துக்குத் தக்க காரணம் உண்டா? இதுவே இங்கு ஆராயத்தக்கது.

மென்பொருளினால் விளைந்த நன்மையை முதலிற் சொல்லுதல் முறை. 1986 ஆம் ஆண்டிலே சின்சினாட்டி, றாலி-டேர்ஹாம், பீனிக்ஸ் ஆகிய மூன்று இடங்களில், ஏறத்தாழ 25,000 விபரத்திரட்டுகள் தொலைபேசிக் கம்பி வழியாகப் பரீட்சார்த்தமாக அனுப்பப்பட்டன. அந்தச் சிறு தொடக்கம் பெருவழக்காக வளர்ந்தது. 2012 ஆம் ஆண்டு முதல், ஆண்டொன்றுக்குப் பதினொன்று அல்லது அதற்கு மேற்பட்ட தனியார் விபரத்திரட்டுகளை எழுதிக் கொடுப்போர் அவற்றை மின்வழியே அனுப்பவேண்டும் என்பது விதியாயிற்று. கடதாசியில் எழுதி அனுப்பப்படுவனவற்றுள் ஐந்தில் ஒன்று பிழையுடையது என்றும், மின்வழி வருவனவற்றிற் பிழை நூற்றுக்கு ஒன்றினுங் குறைவு என்றும் திணைக்களம் கூறிவந்துள்ளது. கூட்டல் கழித்தற் பிழைகளை இயந்திரம் ஒழித்துவிட்டது என்பதை எந்தக் கணக்கரும் மறுப்பதில்லை.

கருத்து வேறுபாடு தோன்றுவது அதற்கு அப்பாலேதான். வரிக் கணக்கு வெறுங் கூட்டல் கழித்தல் அன்று. இந்தச் செலவு தொழிலுக்கானதா, குடும்பத்துக்கானதா. இந்தப் பிள்ளையைத் தந்தை தன் பொறுப்பிலுள்ளவராகக் காட்டலாமா, தாய் காட்டலாமா. இந்த வருவாய் சம்பளமா, சுயதொழில் ஊதியமா என்னும் வினாக்களுக்கு முதலில் விடை காணல் வேண்டும். அவ்விடையைக் கணினிக்குள் இட்ட பின்னரே கணக்குத் தொடங்குகின்றது. இட்ட விடை தவறாயின், மிகச் சரியாகக் கூட்டப்பட்ட தவறான தொகையே வெளிவரும்.

கம்பனிகள் வழங்கும் உத்தரவாதத்தை இந்த நோக்கிலே படித்தல் வேண்டும். பொதுமக்களிடையே பெயர்பெற்ற டேர்போடாக்ஸ் என்னும் மென்பொருள் தன் கணக்கு நூற்றுக்கு நூறு சரியானது என்று உறுதி கூறுகின்றது. அவ்வுறுதியின் பொருள் யாது? மென்பொருளின் கணக்குப் பிழையினால் ஒருவருக்குத் தண்டப்பணமும் வட்டியும் விதிக்கப்பட்டால் அவற்றைக் கம்பனி கொடுக்கும் என்பதாகும். வரியைக் கம்பனி கொடுக்காது. விபரங்களை இட்டவர் செய்த பிழையும், சட்டத்துக்குப் பொருள் கொள்வதில் நேர்ந்த பிழையும் அவ்வுறுதிக்குள் அடங்கா. ஆனால் வரிக் கணக்கில் நேரும் பெரும்பிழைகள் இவ்விரு வகையினவே. விளம்பரத்தைப் பார்ப்பவர் பெரிய எழுத்தை வாசிக்கின்றார். கணக்கர் சிறிய எழுத்தையும் வாசிக்கின்றார்.

இதற்கு நாடறிந்த உதாரணம் ஒன்றுண்டு. 2009 ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே திமோதி கைத்னர் அமெரிக்காவின் திறைசேரிச் செயலாளர் பதவிக்கு முன்மொழியப்பட்டார். இறைவரித் திணைக்களம் அப்பதவியின் கீழ் அடங்குவது. அவர் சர்வதேச நாணய நிதியத்திற் பணியாற்றிய காலத்துச் சுயதொழில் வரியை உரிய காலத்திற் செலுத்தவில்லை என்பதும், பின்னர் 34,000 டொலருக்கு மேற்பட்ட வரியைச் செலுத்தினார் என்பதும் அப்போது வெளிவந்தன. சில ஆண்டுகளின் கணக்கை அவர் டேர்போடாக்ஸைக் கொண்டே எழுதியிருந்தார். அதுபற்றி வினவப்பட்டபோது, பிழை தம்முடையதே என்றும் மென்பொருளின்மேற் பழி போடுவதற்கில்லை என்றும் அவர் ஒப்புக்கொண்டார். வரித்துறைக்குத் தலைவராக வரவிருந்தவருக்கே இது நேர்ந்ததாயின், ஏனையோரைப்பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. நீதிமன்றத்தின் நிலைப்பாடும் அதுவே. உள்ளே இடப்படும் விபரத்தின் தரத்துக்கு மேற்பட்ட தரம் மென்பொருளுக்கு இல்லை என்று 2000 ஆம் ஆண்டிலே அமெரிக்க வரி நீதிமன்றம் ஒரு வழக்கில் எடுத்துரைத்தது.

‘சட்டம் மாறினாலும் எங்கள் மென்பொருள் உடனுக்குடன் மாறும்’ என்பது மற்றொரு வாக்குறுதி. 2021 ஆம் ஆண்டிலே அது கடுஞ் சோதனைக்கு உள்ளாயிற்று. அவ்வாண்டு பெப்ரவரி 12 ஆந் திகதி விபரத்திரட்டுகளை ஏற்கும் பணி தொடங்கிவிட்டது. மார்ச்சு 11 ஆந் திகதி புதிய சட்டமொன்று கையொப்பமாகி, முந்திய ஆண்டிற் பெற்ற வேலையின்மைக் கொடுப்பனவில் 10,200 டொலர் வரையான தொகைக்கு, குறித்த வருமான எல்லைக்குட்பட்டோருக்கு, வரிவிலக்கு அளித்தது. கோடிக்கணக்கானோர் பழைய சட்டப்படி கணக்கை அனுப்பிவிட்ட பின்னர் வந்த மாற்றம் இது. மென்பொருள் திருத்தப்படும் வரையில் கணக்கர்கள் கோப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். கம்பனிகளின் சோம்பல் இதற்குக் காரணமன்று. சட்டம் முதலில் இயற்றப்படுகின்றது, திணைக்களம் அதற்கு விளக்கம் அளிக்கின்றது, படிவம் திருந்துகின்றது, இறுதியிலேயே மென்பொருள் திருந்தக்கூடும். வரிசையில் நாலாவதாக நிற்பவர் உடனுக்குடன் என்று சொல்லும்போது அச்சொல்லின் அளவு எத்தகையது என்பதைக் கணக்கர் அறிவார்.

சிறு மாற்றமொன்று பெருந் தொல்லையாவதும் உண்டு. கல்விச் செலவுக்கான வரிச்சலுகையைக் கோரும் 8863 ஆம் இலக்கப் படிவத்திலே, ‘இல்லை’ என்னும் விடைக்குரிய இடத்தை வெறுமையாக விடுவது முன்னர் ஏற்கப்பட்டுவந்தது. 2013 ஆம் ஆண்டிலே ‘இல்லை’ என்பதை வெளிப்படையாகக் குறித்தல் வேண்டும் என்றாயிற்று. எச் அன்ட் ஆர் புளொக் என்னும் பெரிய நிறுவனத்தின் மென்பொருள் அதனைக் குறிக்கத் தவறியது. ஏறத்தாழ ஆறு இலட்சம் விபரத்திரட்டுகள் தடைப்பட்டன. நிறுவனத்தின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். வரிமீதம் அமெரிக்காவின் ஏழைக் குடும்பங்கள் பலவற்றுக்கு ஆண்டிலே ஒருமுறை கிடைக்கும் பெருந் தொகையாகும். வீட்டு வாடகையும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் அதனை நம்பியிருக்கும். அது வாரக்கணக்கிலே தாமதிக்குமிடத்து அக்குடும்பம் வந்து கேட்பது மென்பொருளை ஆக்கியவரிடம் அன்று, எழுதிக் கொடுத்தவரிடமே.

இனி, ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ என்னும் வாக்குறுதியைப் பார்ப்போம். முன்னர்க் கணக்குகள் கணக்கரின் கந்தோரிலுள்ள கணினியில் இருந்தன. இப்போது அவற்றைத் தம்முடைய தொலைநிலையங்களில் வைக்குமாறு கம்பனிகள் தூண்டுகின்றன. இதனையே ‘மேகம்’ என்று வழங்குகின்றார்கள். 2019 ஆம் ஆண்டு மே மாதம் 6 ஆந் திகதி வோல்ட்டர்ஸ் குளுவர் என்னும் பெருநிறுவனத்தின் கணினிகளிலே தீய நிரல் புகுந்தது. அது மேலும் பரவாதிருக்க நிறுவனம் தன் சேவைகளை நிறுத்தியது. அம்மாதம் 15 ஆந் திகதி அறநிறுவனங்கள் பலவற்றின் விபரத்திரட்டுகளுக்குரிய கடைசி நாள். கணக்கர்கள் தம் கட்சிக்காரரின் கணக்குகளைத் திறக்கவும் வழியின்றித் தவித்தார்கள். திணைக்களம் சில நாள் அவகாசம் அளித்தமையால் நிலைமை ஒருவாறு தப்பியது. எந்நேரமும் என்பதில் மிக வேண்டிய நேரம் அடங்காமற்போதல் கூடும் என்பதை அவர்கள் அன்று கண்டார்கள்.

‘எங்களிடம் மாறிவாருங்கள், பழைய கணக்குகள் அனைத்தையும் நாங்களே மாற்றித் தருவோம்’ என்பதும் அடிக்கடி கேட்கப்படுவது. இதிலுள்ள இடரை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். ஒருவர் வாடகைக்கு விடுவதற்கு வீடொன்றை வாங்கினார் என்று கொள்வோம். நிலத்தின் விலை நீங்கலாகக் கட்டடத்தின் விலை 275,000 டொலர். அமெரிக்கச் சட்டப்படி அதனை 27½ ஆண்டுகளுக்குத் தேய்மானமாகக் கழித்தல் வேண்டும். முதலாண்டும் இறுதியாண்டும் நீங்கலாக ஆண்டொன்றுக்கு 10,000 டொலர் கழியும். ஒன்பதாம் ஆண்டிலே கணக்கர் வேறு மென்பொருளுக்கு மாறினால், இதுவரை கழிந்தது எவ்வளவு என்னும் வரலாறும் உடன் செல்லல் வேண்டும். அவ்வரலாறு வழியிலே சிதைந்தால் கணினி அபாயமணி அடிப்பதில்லை. அமைதியாகத் தவறான தொகையைத் தருகின்றது. வீட்டை விற்கும் நாளிலேதான் அத்தவறு வெளிப்படும். ஆகையால் மென்பொருளை மாற்றும் கணக்கர் இத்தகைய கணக்குகளை ஒவ்வொன்றாகக் கண்ணால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவராகின்றார். மாற்றுவதிலுள்ள இத்தொல்லையே, பிடிக்காத கம்பனியையும் பலர் விட்டு நீங்காமைக்குக் காரணம். கம்பனிகளும் இதனை அறியும். வசந்தகாலப் பணி முடிந்ததும், அவ்வாண்டின் இறுதியில் வெளிவரவிருக்கும் பதிப்புக்குச் சலுகை விலையில் இப்பொழுதே பணம் செலுத்துமாறு அவை கேட்கின்றன. இன்னும் ஆக்கப்படாத பொருளுக்கு விலை கொடுப்பவர், வாக்குறுதியொன்றையே வாங்குகின்றார்.

பொதுமக்களுக்கான விளம்பரங்களும் கணக்கரின் நம்பிக்கையை வளர்க்கவில்லை. டேர்போடாக்ஸ் ‘இலவசம்’ என்று இடைவிடாது பறைசாற்றிய விளம்பரம் தொடர்பாக, அதன் உரிமையாளரான இன்டூயிட் கம்பனி 2022 ஆம் ஆண்டு மே மாதத்திலே ஐம்பது மாநிலங்களோடும் தலைநகரோடும் ஓர் இணக்கத்துக்கு வந்தது. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, 14 கோடியே 10 இலட்சம் டொலர் செலுத்தவும் அவ்விளம்பரத்தை நிறுத்தவும் அது உடன்பட்டது. அரசின் இலவசத் திட்டத்துக்குத் தகுதியுடையராயிருந்தும் பணம் செலுத்த நேர்ந்த ஏறத்தாழ 44 இலட்சம் பேருக்கு அத்தொகை உரியதாயிற்று.

அண்மைக் காலத்திலே செயற்கை நுண்ணறிவின் பெயரால் இன்னுமொரு வாக்குறுதி எழுந்துள்ளது. 2023 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் மேற்சொன்ன இரு பெருங் கம்பனிகளும் வினாவுக்கு விடை கூறும் உதவியாளனைத் தம் மென்பொருளிற் சேர்த்தன. அடுத்த ஆண்டிலே வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை அவற்றைச் சோதித்தபோது, கேள்விகள் பலவற்றுக்குப் பிழையான அல்லது பொருந்தாத விடைகள் கிடைத்தன. இத்துறை விரைந்து வளர்வது. நாளை அவ்விடைகள் திருந்தலாம். ஆனால் தெரியாததைத் தெரியாது என்று சொல்லாத உதவியாளனை எந்தக் கணக்கரும் தம் கந்தோரிலே தனியே அமர்த்துவதில்லை.

இத்தனைக்கும் அடியில் இருப்பது பொறுப்புப் பற்றிய கேள்வி. கூலிக்கு எழுதிக் கொடுப்பவர் விபரத்திரட்டிலே தம் பெயரையும் பதிவிலக்கத்தையும் இட்டுக் கையொப்பமிடல் வேண்டும். தக்க ஆதாரமின்றி வரியைக் குறைத்துக் காட்டினால், அவருக்கு 1,000 டொலர் அல்லது அப்பணியில் அவர் பெற்ற ஊதியத்தின் அரைப்பங்கு, இவற்றுள் எது அதிகமோ அது தண்டமாகும். வேண்டுமென்றோ விதியைப் பொருட்படுத்தாமலோ செய்தாராயின் அது 5,000 டொலர் அல்லது ஊதியத்தின் முக்காற்பங்காக உயரும். மென்பொருள் அவ்வாறு கணக்கிட்டது என்பது இதற்குத் தக்க விடையாகாது. மென்பொருளை விற்ற கம்பனியின் கையொப்பம் அத்தாளில் எங்கும் இல்லை. நட்டம் நேர்ந்தால் தான் பொறுக்கும் தொகையை ஒப்பந்தத்தின் வாயிலாகச் சுருக்கிக் கொள்வது அத்தகைய கம்பனிகளின் பொது வழக்கம். வாக்குறுதி அளிப்பவர் ஒருவர், அது பொய்க்குமிடத்துத் துன்புறுபவர் மற்றொருவர் என்றிருக்கையில், பின்னவர் ஐயுறுதல் இயல்பேயாம்.

அனுபவம் வாய்ந்த கணக்கர் தம் ஐயத்தை முணுமுணுப்பாக விட்டுவிடாமல் ஒரு வழக்கமாக ஆக்கிக்கொள்கின்றார். புதிய பதிப்பு வந்ததும், சென்ற ஆண்டிற் சிக்கலாயிருந்த நாலைந்து கணக்குகளை அதிலே மீண்டும் இட்டு, முன்னைய விடையோடு ஒப்பிடுகின்றார். பெருந் தொகைகளைத் தாளிலே தாமே கணக்கிட்டுப் பார்க்கின்றார். முதல் வாரத்துப் பதிப்பைக்கொண்டு அவசரமாக எதனையும் அனுப்புவதில்லை. விற்பனையாளரின் செய்முறை விளக்கத்தைக் கண்ட பின்னர், அதே மென்பொருளை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தும் சகபாடியொருவரை அணுகி உண்மையைக் கேட்டறிகின்றார். கணக்குகளின் பிரதியொன்றைத் தம்மிடமும் வைத்துக்கொள்கின்றார். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்னும் பழமொழி இவர்களுடைய தொழிலுக்கென்றே பிறந்தது போலும்.

கணினியொன்றையோ வேறெந்தக் கருவியையோ வாங்கும் எவரும் இக்கணக்கரிடமிருந்து ஒரு கேள்வியைக் கற்றுக்கொள்ளலாம். இப்பொருள் என்னென்ன செய்யும் என்று விற்பவரிடம் கேட்பது எல்லோர்க்கும் வழக்கம். அது செய்யத் தவறினால் நட்டத்தில் எவ்வளவு தங்களுடையது, எவ்வளவு வாங்குபவருடையது என்று கேட்டு, அவ்விடையை எழுத்திலே பெற்றுக்கொள்வதும் வழக்கமாதல் வேண்டும்.