பூனை பிறாண்டுகிறதா? கையைக் கொடுக்காதீங்க, கயிற்றைக் கொடுங்க!

(வானொலி உழவர் நிகழ்ச்சிப் பேச்சு)



மாட்டைப் பற்றிப் பேசலாம், ஆட்டைப் பற்றிப் பேசலாம், பூனையைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் சிரிக்கலாம். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. குதிரில் நெல்லும், மூட்டையில் நிலக்கடலையும், பரணில் விதைச் சோளமும் வைத்திருக்கிற வீட்டில் ராத்திரிக் காவல் யாருடையது? சம்பளம் கேட்காத அந்தக் காவல்காரனைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறோம்.

இந்தக் காவல்காரனிடம் ஒரு குறை உண்டு. தடவிக் கொடுக்கக் கை நீட்டினால் பிறாண்டும். திண்ணைப் பக்கம் நடந்து போனால் மறைவிலிருந்து பாய்ந்து காலைக் கவ்வும். வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் அதையும் நிம்மதியாகத் தூங்க விடாது. குழந்தை கையில் ரத்தக் கோடு விழுந்த அன்றைக்கு, "இதைக் கோணியில் கட்டி ஆற்றுக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு வா" என்று பெரியவர்கள் சொல்லிவிடுவார்கள். பூனை போய்விடும், எலி வந்துவிடும். அந்தக் குழந்தையின் காயத்துக்கு மஞ்சளைப் பூசி, அத்தோடு மறந்தும் விடுவார்கள். இந்த இரண்டுமே தவறு. பூனையைத் திருத்தலாம். காயத்தைத்தான் மறக்கக் கூடாது.

பூனை ஏன் பிறாண்டுகிறது? உங்கள் மேல் அதற்குக் கோபம் ஒன்றும் இல்லை. விளையாட்டு என்பது பூனைக்கு வேட்டைப் பாடம். பதுங்குவது, பாய்வது, நகத்தால் பற்றுவது, பல்லால் கவ்வுவது எல்லாம் எலி பிடிக்கப் பழகுகிற வித்தைதான். ஆடுகிற எதையும் அது எலியாகவே பார்க்கும். குட்டியாக இருக்கும்போது நாம் விரலை ஆட்டி ஆட்டி விளையாட்டுக் காட்டுகிறோம். அப்போது நகம் உறைக்காது, வேடிக்கையாக இருக்கும். ஆறு மாதம் கழித்து நகம் முற்றிய பிறகும் பூனை அதே விளையாட்டைத்தான் ஆடுகிறது. கற்றுக் கொடுத்தது நாம், பழி மட்டும் பூனைக்கு!

இன்னொரு காரணமும் இருக்கிறது. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்பதைக் குட்டி தன் தாயிடமும் கூடப்பிறந்த குட்டிகளிடமும்தான் படிக்கிறது. ஓங்கிக் கடித்தால் மற்ற குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். அதுதான் அதற்குப் பள்ளிக்கூடம். அதனால் 8 வாரம் ஆகும் முன்பு குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்காதீங்க.

சரி, என்ன செய்யலாம்? முதல் விதி, கையும் காலும் விளையாட்டுச் சாமான் இல்லை. இதை வீட்டில் எல்லோரும் ஒன்று போலக் கடைப்பிடிக்கணும். அப்பா விரலை ஆட்டுவதும் அம்மா அடிப்பதுமாக இருந்தால் பூனைக்கு என்ன புரியும்?

கைக்குப் பதிலாக வேறொன்றைக் கொடுக்கணும். மூன்றடிக் குச்சியின் நுனியில் கயிறு கட்டி, கயிற்றின் முனையில் பழந்துணியை முடிச்சுப் போட்டு, தரையில் இழுத்துக் காட்டுங்க. பாயட்டும், பிடிக்கட்டும், உதைக்கட்டும். மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரை உருட்டி விட்டாலும் போதும். காலையில் ஒரு பத்து நிமிஷம், பொழுது சாய்ந்ததும் ஒரு பத்து நிமிஷம். அந்த இரண்டு நேரத்தில்தான் பூனைக்கு வேட்டைத் துடிப்பு அதிகம். கடைசியில் துணியை அது பிடிக்கும்படி விட்டு, உடனே சோறு வையுங்க. பிடித்தோம், தின்றோம் என்ற திருப்தியில் போய்ப் படுத்துக்கொள்ளும். விளையாட்டு முடிந்ததும் கயிறு, நூல், ரப்பர் வளையம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடணும். விழுங்கிவிட்டால் குடலில் சிக்கி உயிருக்கே ஆபத்து.

அப்படியும் கையைப் பிடித்துவிட்டால்? வெடுக்கென்று இழுக்காதீங்க. இழுத்தால் எலி ஓடுகிறது என்று நினைத்து நகத்தை இன்னும் ஆழமாகப் பதிக்கும். கையை அசைக்காமல் வையுங்க. பிடி தளர்ந்ததும் எழுந்து போய்விடுங்க, கொஞ்ச நேரம் அதைக் கண்டுகொள்ளாதீங்க. கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்பது நாளடைவில் அதற்கு விளங்கிவிடும். அடிப்பதால் பலன் இல்லை. அடிபட்ட பூனை பயத்தில்தான் பிறாண்டும், அது விளையாட்டுப் பிறாண்டலை விட மோசம்.

பூனை முன்கூட்டியே எச்சரிக்கையும் கொடுக்கும். வால் படபடவென்று அடிக்கும், காது பின்னால் மடங்கும், முதுகுத் தோல் சிலிர்க்கும். அப்போதே கையை எடுத்துக்கொள்ளணும். இதைக் குழந்தைகளுக்கும் சொல்லிக் கொடுங்க.

நகம் தீட்டுவது பூனையின் இயற்கை, அதைத் தடுக்க முடியாது. இரண்டரை மூன்றடி உயரத்தில் ஆடாத ஒரு கட்டையை நட்டு, தேங்காய் நார்க்கயிற்றை நெருக்கமாகச் சுற்றி விடுங்க. பூனை தூங்கி எழுகிற இடத்துக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. நகத்தின் கூர்நுனியை மட்டும் நகவெட்டியால் கொஞ்சமாக வெட்டலாம். உள்ளே ரோஜா நிறத்தில் தெரிவது ரத்தம் ஓடுகிற சதை, அதைத் தொடக் கூடாது. நகத்தை அடியோடு எடுத்துவிடலாமா என்று கேட்காதீங்க. அது விரலின் கடைசி எலும்பையே வெட்டி எடுப்பதற்குச் சமம். பிறகு எலி பிடிப்பது எப்படி?

இனி, பூனைக்கும் பூனைக்கும் நடக்கிற சண்டை. புரண்டு கட்டிப்பிடிப்பது எல்லாம் சண்டை இல்லை. சத்தமில்லாமல், ஒரு முறை இது மேலே, ஒரு முறை அது மேலே என்று மாறி மாறி உருண்டால் அது விளையாட்டு. மயிர் சிலிர்த்து, காதை ஒட்ட மடக்கி, உறுமிக் கத்தினால், அல்லது ஒன்று துரத்த மற்றொன்று ஒளிந்துகொண்டே இருந்தால் அது நிஜச் சண்டை. நடுவில் கையை விடாதீங்க. முறத்தையோ அட்டையையோ இடையில் நிறுத்திப் பிரியுங்க. சோற்றுத் தட்டு, தண்ணீர், படுக்கும் இடம் ஆகியவற்றை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக வையுங்க. ஏறி ஒதுங்கப் பரணோ பலகையோ இருக்கட்டும். புதுப் பூனையைக் கொண்டு வந்தால் ஒன்றிரண்டு வாரம் தனி அறையில் வைத்து, கதவுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகச் சோறு போட்டுப் பழக்குங்க. கடுவன் பூனைக்கு ஐந்தாறு மாதத்தில் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்தால் சண்டை வெகுவாகக் குறையும். எலி பிடிக்கிற குணம் அதனால் போய்விடாது.

எப்போதும் சாதுவாக இருந்த பூனை திடீரென்று சீறினால் அது விளையாட்டு இல்லை. வலியாக இருக்கலாம், சண்டைப் புண் உள்ளே சீழ் வைத்திருக்கலாம், வெறிநோயாகவும் இருக்கலாம். ஆளைக் கிட்டே விடாமல், கால்நடை மருத்துவரிடம் சொல்லுங்க.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். வெறிநோய் நாய்க்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். பூனைக்கும் வரும், பூனையிடமிருந்து மனுஷனுக்கும் வரும். பூனை தன் பாதத்தை நக்குகிறது, எச்சில் நகத்தில் ஒட்டுகிறது. அதனால் பிறாண்டலையும் அலட்சியம் செய்யக் கூடாது. வெறிநோயின் அறிகுறி தெரிந்த பிறகு உயிர் பிழைப்பது அநேகமாக இல்லை. ஆனால் முன்கூட்டியே ஊசி போட்டால் வராமல் தடுக்க முடியும்.

பூனை பிறாண்டிய உடனே, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவுங்க. பம்புசெட்டுத் தண்ணீர் ஆனாலும் சரி, வீட்டுக் குழாய் ஆனாலும் சரி. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்க. ரத்தம் வராத கீறலாக இருந்தாலும் டாக்டரிடம் காட்டணும். ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு, காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போட வேண்டியிருக்கும். தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்ற பயம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. அந்த மருந்தைக் கைவிட்டு இருபது வருஷம் ஆகிவிட்டது. இப்போது கையில் தோலுக்குள் போடுகிற முறையில், முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28-ஆம் நாள்கள் என்று மொத்தம் 4 முறை போனால் போதும். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று நீங்களாகப் பாதியில் நிறுத்திவிடாதீங்க. டெட்டனஸ் ஊசி தேவையா என்பதையும் டாக்டரிடமே கேளுங்க. சில நாள் கழித்துக் காய்ச்சலோ, அக்குளில் நெறி கட்டியதோ தெரிந்தால், பூனை பிறாண்டியதை மறக்காமல் சொல்லுங்க. தெள்ளுப்பூச்சி உள்ள பூனையின் நகத்தால் பரவுகிற ஒரு நோயும் உண்டு.

உங்கள் பூனைக்கும் மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போடுங்க. பிறகு மருத்துவர் சொல்கிறபடி வருஷா வருஷம் தொடருங்க.

பிள்ளைகளுக்கு இன்னொன்றையும் சொல்லி வையுங்க. "பூனை பிறாண்டிச்சுன்னா மறைக்காம வந்து சொல்லு, திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்க. திட்டுக்குப் பயந்து குழந்தை மறைக்கிற காயம்தான் ஆபத்தான காயம். இன்றைக்குச் சாயங்காலமே குச்சியில் ஒரு கயிற்றைக் கட்டி, அந்தப் பிள்ளை கையிலேயே கொடுத்துப் பாருங்க. காவல்காரனும் வீட்டில் இருப்பான், பிள்ளையின் கையும் பத்திரமாக இருக்கும்.