இப்போது நோவது நல்ல கால்

எறிகணையிலும் மிதிவெடியிலும் கால் இழந்தவர்களைப் பற்றிப் பேசும்போது செயற்கைக் காலைப் பற்றியே நாம் பேசுகிறோம். போர் முடிந்து 15 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்ட நிலையில், வன்னியில் இவர்களிடம் நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு வேறு: "இப்ப நல்ல கால்தான் நோகுது."

இதற்கு மருத்துவக் காரணம் உண்டு. செயற்கைக் கால் அணிபவர் தன்னை அறியாமலே உடற்பாரத்தை மற்றக் காலில் கூடுதலாகப் போடுகிறார். ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் அந்த முழங்கால் மூட்டு விரைவாகத் தேயலாம். கால் இழந்த பக்கத்திலோ போதிய பாரம் விழுவதில்லை. அதனால் இடுப்பு, தொடை எலும்புகள் அடர்த்தி குறைந்து பலவீனமாகின்றன. விழுந்தால் முறியும் ஆபத்து கூடுகிறது.

செயற்கைக் காலும் ஆயுளுக்கும் வருவதல்ல. பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகளில் மாற்ற வேண்டும். எஞ்சிய தொடையோ கெண்டையோ மெலிந்தால் பொருத்து தளரும். தளர்ந்த காலோடு நடப்பவர் நல்ல காலையே இன்னும் நம்புவார்.

ஏற்றத்தாழ்வு தொடங்குவது இங்கேதான். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம், பயணம் இலவசமல்ல. வடக்கின் பெரிய போதனா வைத்தியசாலையும், செயற்கைக் கால் செய்யும் ஜெய்ப்பூர் நிலையமும் இருப்பது யாழ்ப்பாணத்தில். முல்லைத்தீவிலிருந்து 100 கிலோமீற்றருக்கு மேல். ஒரு கிளினிக் நாளுக்கு பஸ் காசும், துணைக்கு வருபவரின் நாட்கூலியும் போய்விடும். வசதியுள்ளவர் தனியார் வைத்தியசாலையில் மூட்டு மாற்றுச் சிகிச்சை செய்கிறார். மற்றவர் பாமசியில் நோக்குளிசை வாங்குகிறார். அதை வைத்திய ஆலோசனையின்றி நீண்டகாலம் எடுத்தால் வயிறும் சிறுநீரகமும் பாதிக்கப்படலாம்.

நல்ல காலில் நோ தொடங்கினால், முதலில் செயற்கைக் காலின் உயரத்தையும் பொருத்தையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். தொடைத் தசையைப் பலப்படுத்தும் பயிற்சிகளை இயன்மருத்துவரிடம் கேளுங்கள். இவை இரண்டும் சத்திரசிகிச்சைக்கு முந்திய படிகள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. கிராமப்புறங்கள் உட்பட, மக்கள் வாழும் இடத்துக்கு இயன்றவரை அருகில் சுகாதார சேவை கிடைக்க வேண்டும் என்கிறது அதன் 25ஆம் உறுப்புரை. என்பு முறிவு வைத்தியரும், இயன்மருத்துவரும், செயற்கைக் கால் செய்பவரும் ஒரே நாளில் மாவட்ட வைத்தியசாலைக்கு வந்தால் ஒரு பயணத்தில் மூன்று வேலை முடியும். இதைக் கேட்பது சலுகை கேட்பதல்ல. அரசு ஏற்கெனவே ஒப்பமிட்ட கடமையை நினைவூட்டுவது.