காற்றே தடையாதல்

விண்ணூர்தியைச் செலுத்துதல் அரிதென்பதை யாவரும் அறிவர். அதனை வேண்டிய இடத்தில் நிறுத்துதல் அதனினும் அரிதென்பதை நாம் பெரும்பாலும் நினைப்பதில்லை. சாலையில் ஓடும் வண்டிக்குத் தரையின் உராய்வு துணை செய்கிறது. வெட்டவெளியிலோ உராய்வதற்கு யாதுமில்லை. ஆதலின், ஒரு கிரகத்தை அணுகும் ஊர்தி தன் வேகத்தைத் தணித்துக்கொள்ளாவிடின் அதனைக் கடந்து அப்பாற் சென்றொழியும்.

வேகத்தைத் தணிக்கும் வழி யாது? செல்லுந் திசைநோக்கி எஞ்சினை எரித்தல் ஒரு வழி. அதற்கு எரிபொருள் மிகுதியும் வேண்டும். அப்பாரத்தைச் சுமக்கப் பெரிய ராக்கெட்டும் வேண்டும். ஆகவே, அறிஞர் கிரகத்தின் காற்றையே தடையாகக் கொள்ளத் துணிந்தனர். ஊர்தி முதலில் எஞ்சினை ஓரளவே எரித்து, நீண்ட முட்டை வடிவான பாதையிற் சுற்றத் தொடங்கும். அப்பாதையின் அண்மைப் புள்ளி காற்று மண்டலத்தின் மேல்விளிம்பிற் படியுமாறு அமைக்கப்படும். சுற்றுதோறும் ஊர்தி அம்மெல்லிய காற்றிற் சில நிமிடங்கள் தோய்ந்து, சிறிது வேகம் இழந்து எழும். வேகங் குறைவது அண்மையில். சுருங்குவதோ எதிர்ப்புறத்துச் சேய்மை. மெல்ல எறிந்த கல் உயரம் எட்டாது திரும்புதலை ஒத்தது இது. 1993-ல் மாகெல்லன் என்னும் ஊர்தி வெள்ளிக் கிரகத்தில் எழுபது நாட்களில் இவ்வாறு தன் பாதையைச் சுருக்கிக்கொண்டது.

இம்முறையின் இடரை விளக்கவல்லது மார்ஸ் குளோபல் சர்வேயரின் வரலாறு. 1997 செப்டம்பரில் செவ்வாயை அடைந்தபோது அதற்கு ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 45 மணி நேரம் பிடித்தது. காற்றைத் தாங்கும் சிறகுகளாய் அமைந்தவை அதன் சூரிய ஒளித் தகடுகளே. அவற்றுள் ஒன்று, 1996-ல் புறப்பட்டபின் விரிக்கப்படுங்கால் பழுதுற்றிருந்தது. அக்டோபரில் காற்றின் அழுத்தத்தால் அத்தகடு எல்லைமீறி வளைந்தது. அது முறிந்தால் ஊர்தியின் பணி முழுவதும் பாழாகும். அறிஞர் ஊர்தியை உடனே காற்றுக்கு மேலே உயர்த்தி, சில வாரம் ஆராய்ந்து, முன்னினும் மிக மெல்லிய காற்றிலேயே மீண்டும் தோய்வித்தனர். நவம்பரில் எழுந்த தூசிப்புயலால் செவ்வாயின் மேற்காற்று திடீரென அடர்ந்தபோதும் அவர்கள் விழிப்பாயிருந்து பாதையை உயர்த்தினர்.

இதனாற் பணி ஓராண்டு தாழ்ந்தது. ஆயினும், 1999 பிப்ரவரியில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை சுற்றும் பாதை கைகூடிற்று; 2006 நவம்பர்வரை அவ்வூர்தி செவ்வாயை ஆராய்ந்து செய்தி விடுத்தது. ஓராண்டை இழக்க உடன்பட்டமையால் அவர்கள் பல்லாண்டுப் பயனைப் பெற்றனர். விரைந்து முடித்தலையே திறமையென்று கருதும் மாணவராகிய நாம் இதனை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.