போஸ்டர் வேலைக்கு எவ்வளவு கேட்பது?

"தம்பி, சின்ன வேலதான். அம்பது வெள்ளி தரேன், பிரிண்ட் அடிச்சும் கொடுத்துடு." ஸ்ரீ கெம்பாங்கான், செர்டாங் வட்டாரத்தில் வரைகலை பழகும் மாணவர்களுக்கு இப்படிப்பட்ட புலனச் செய்தி புதிதல்ல. கோயில் திருவிழா, தீபாவளி விருந்து, காற்பந்துப் போட்டி என்று ஆண்டு முழுவதும் யாருக்காவது போஸ்டர் தேவைப்படுகிறது.

அந்த 50 வெள்ளியைப் பிரித்துப் பார்ப்போம். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி. வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்று வகுத்தால் மணிக்கு 8.72 வெள்ளி வருகிறது. பேச்சு, வடிவமைப்பு, திருத்தம் எல்லாம் சேர்த்து 6 மணி நேரம் என்றால் 52.32 வெள்ளி. தாளும் மையும் கடைக்குப் போய்வரும் பெட்ரோலும் இதில் இன்னும் சேரவில்லை!

ஆகவே, வடிவமைப்புக்கு ஒரு விலை, அச்சுக்கு ஒரு விலை என்று தனித்தனியாகச் சொல்வதே நல்லது. ஆஃப்செட் அச்சில் நான்கு வண்ணத்துக்கு நான்கு தகடுகள் வேண்டும். 100 பிரதி அடித்தாலும் 1,000 அடித்தாலும் தகட்டுச் செலவு ஒன்றுதான். டிஜிட்டலில் தகடு இல்லை. சில பத்துப் பிரதிகளுக்கு அதுவே மலிவு. எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சொல்லிவிட்டால், "இன்னும் இருபது சேர்த்துக் கொடு" என்றதும் அது நம் கூலியிலிருந்துதான் கழியும்.

பிரமுகர் பெயர்களின் வரிசை கடைசி இரவில் மாறாத கோயில் போஸ்டர் உண்டா? இரண்டு திருத்தம் விலைக்குள், மூன்றாவதிலிருந்து தனிக்கட்டணம் என்று முதலிலேயே சொல்லிவிடலாம். அச்சுக்கடைக் கணினியில் நமது தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். மாதிரிப் பிரதியைக் காட்டி, "சரி" என்று எழுத்தில் வாங்கிய பிறகே அச்சுக்கு அனுப்புங்கள். மறு அச்சு யார் பணத்தில் என்ற சண்டை வராது. பாதிப் பணம் முன்பணமாகக் கேட்பதிலும் தவறில்லை.

பலர் கவனிக்காதது பதிப்புரிமை. நம் நாட்டின் 1987 பதிப்புரிமைச் சட்டம், 26ஆவது பிரிவின்படி, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், ஒருவர் கேட்டுச் செய்துகொடுத்த படைப்பின் உரிமை கேட்டவருக்கே போய்விடும். நீங்கள் வரைந்த முருகன் அடுத்த ஆண்டு டி-சட்டையில் வந்தாலும் பங்கு கேட்க வழியிருக்காது. "இந்த நிகழ்ச்சிக்கு மட்டும், பதிப்புரிமை வடிவமைத்தவருக்கு" என்ற ஒரு வரியை விலையோடு சேர்த்து அனுப்பி, சம்மதம் வாங்கி வையுங்கள்.

1971இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி, நைக்கி நிறுவனத்தின் சின்னத்துக்கு வாங்கியது 35 டாலர். மணிக்கு 2 டாலர் கணக்கு. 1983இல் நிறுவனம் அவருக்குப் பங்குகள் கொடுத்தது உண்மைதான். ஆனால், அது அவர்களாக மனமுவந்து கொடுத்தது.

கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் இலவசமாகச் செய்பவர்கள் நம்மில் நிறைய. செய்யட்டும். அதற்கும் ஒரு பில் எழுதலாம்: வடிவமைப்பு இவ்வளவு, கழிவு முழுவதும், கட்ட வேண்டியது பூஜ்யம். அடுத்த ஆண்டு வரும் செயலாளர் அந்தக் கோப்பைத்தான் புரட்டுவார்.