தேய்ந்த கொழுவை வீட்டிலேயே சீர் செய்யலாம்

மழை பெய்து, ஈரம் காயுமுன் உழுதாக வேண்டிய நேரத்தில்தான் கலப்பைக் கொழு தேய்ந்துபோனது கண்ணில் படும். பட்டறைக்குக் கொண்டுபோனால் அங்கே பத்துப் பேர் காத்திருப்பார்கள். இரண்டு நாள் தள்ளினால் ஈரமும் போய்விடும். சிங்கிள் பேஸ் மின்சாரத்தில் இயங்கும் சிறிய வெல்டிங் மெஷின் இப்போது கிடைப்பதால், இந்த வேலையை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். ஆனால் புதிதாகப் பழகுவோர், எதில் கை வைக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

பழகும் முறை

நேராகக் கொழுவில் தொடங்கக்கூடாது. 6 மி.மீ. கனமுள்ள பழைய இரும்புத் தகட்டில் கோடு கோடாக வைத்துப் பழக வேண்டும். 10 கேஜ் (3.15 மி.மீ.) ராடுக்கு 90 முதல் 130 ஆம்பியர் வரை போதும். அப்பளம் பொரிவது போல ஒரே சீராக ஓசை வந்தால் கை படிந்துவிட்டது எனலாம். நமத்துப்போன ராடு வைத்தால் துளை விழும். மெஷினுக்குத் தனி ஒயரும் பிரேக்கரும் போட்டுக்கொள்வது நல்லது. பம்புசெட்டுக்கு வழங்கப்பட்ட இலவச மின்சாரத்தை இதற்குப் பயன்படுத்தக்கூடாது.

கொழுவுக்கு வெல்டிங்

இரு முனைக் கொழுவானால், ஒரு முனை தேய்ந்ததும் திருப்பி மாட்டினாலே போதும். மறுமுனையும் தேயத் தொடங்கும்போது வெல்டிங் வைக்க வேண்டும். தகடு மெலியும்வரை விட்டால் உருகி ஓட்டை விழும்.

கொழுவைக் கழற்றி, மண்ணும் துருவும் போகத் தேய்க்கவும். சாதாரண ராடில் நிரப்பினால் விரைவில் தேய்ந்துவிடும். தேய்மானம் தாங்கும் ஹார்டுபேசிங் ராடு கேட்டு வாங்கவும். கொழுவைச் சற்றுச் சூடேற்றி, முனையில் சிறு சிறு கோடுகளாக வைக்கவும். முடிந்ததும் தண்ணீரில் போடக்கூடாது, முறிந்துவிடும். உலர்ந்த சாம்பலில் புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும்.

தொடக்கூடாதவை

டிரெய்லர் கொக்கி, ஜாக்கி போன்ற பாரம் தாங்கும் பாகங்களை அனுபவசாலியிடமே கொடுக்கவும். வார்ப்பிரும்பாலான வைஸ், பம்பு உறை ஆகியவை சாதாரண ராடில் விரிசல் விடும். காலி டீசல் டிரம் வெடிக்கும். துத்தநாகம் பூசிய குழாயின் புகையைச் சுவாசித்தால் குளிர் காய்ச்சல் வரும்.

பாதுகாப்பு

10 அல்லது 11 எண் கறுப்புக் கண்ணாடி பொருத்திய முகமூடி, தோல் கையுறை, பருத்தி ஆடை, மூடிய செருப்பு ஆகியவை கட்டாயம் வேண்டும். வெறுங்கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. இரவில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை விலக்குங்கள். ஈரத்தரையிலும் வைக்கோற்போர் அருகிலும் வேலை செய்யக்கூடாது.

கொழு முறிந்தால் ஒரு கொழுதான் நட்டம். கொக்கி முறிந்தால் உயிரே போகலாம். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துத் தொடங்கினால், செலவும் குறையும், பருவமும் தவறாது.