பனிச்சாலையில் உயரும் கார்

பிரான்சு நாட்டின் ஆல்ப்ஸ் மலைச்சாலைகளில் குளிர்காலம் காரோட்டிகளுக்குச் சோதனைக் காலமாகும். இரவெல்லாம் பெய்த வெண்பனி காலையில் சாலையில் குவிந்து கிடக்கும். தாழ்ந்த கார் அதில் நுழைந்தால், அதன் அடிப்பாகம் பனியின்மேல் ஏறி உட்கார்ந்துவிடும். அப்போது காரின் பாரத்தைச் சக்கரங்களுக்குப் பதிலாகப் பனியே தாங்கும். பாரம் அழுத்தாத சக்கரங்கள் வீணே சுழலும், கார் நகராது.

இத்தகைய சாலைகளில் பெரிதும் உதவியது சித்ரோன் நிறுவனத்தின் 'டி.எஸ்.' கார். 1955-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமாகி, 1975 வரை தயாரிக்கப்பட்ட கார் அது. அதன் சஸ்பென்ஷனை உருவாக்கியவர் பால் மாஜெஸ் என்பவர்.

பிற கார்களில் இரும்பு வில் செய்யும் வேலையை இதில் வாயு செய்தது. ஒவ்வொரு சக்கரத்திற்கும் ஓர் உலோகக் கோளம் உண்டு. அதனுள் ஒருபுறம் நைட்ரஜன் வாயு, மறுபுறம் எண்ணெய், நடுவே ரப்பர் சவ்வு. சக்கரம் மேட்டில் ஏறும்போது எண்ணெய் வாயுவை அழுத்தும். வாயு சுருங்கி, மீண்டும் விரிந்து அதிர்ச்சியை ஏற்கும்.

எஞ்சின் ஓடும்போது ஓட்டுநர் ஒரு நெம்புகோலை நகர்த்தினால், பம்பு அனுப்பும் எண்ணெய் மிகுந்து காரின் உடல் மேலே எழும். எண்ணெய் வெளியேறினால் தாழும். கடுங்குளிரில் வாயு சுருங்கினாலும், கருவி தானாகவே எண்ணெயைச் சேர்த்து உயரத்தைச் சரிசெய்துவிடும். இரவில் நின்ற கார் தாழ்ந்திருந்தால், எஞ்சினை இயக்கி, அது எழும்வரை பொறுத்திருந்தே புறப்பட வேண்டும்.

ஆனால் உயர்த்திய காரை விரைவாக ஓட்டலாகாது. உச்ச நிலையில் சக்கரம் மேலும் கீழும் அசைய இடமின்றிச் சவாரி கடினமாகும். திருப்பங்களில் சாயும் அபாயமும் மிகும். ஆழமான பனியை மெல்லக் கடந்ததும் வழக்கமான உயரத்திற்கு இறக்கிவிட வேண்டும்.

இன்னொன்றும் நினைவிற்குரியது. உயரம் வேறு, பிடிப்பு வேறு. சாலையைப் பற்றிக்கொள்வது டயர் மட்டுமே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்தபின் சுமார் 20 மீட்டரில் நிற்கும். வழுக்கும் பனிக்கட்டியிலோ 100 மீட்டரையும் தாண்டி ஓடும். எத்துணை உயர்த்தினாலும் இத்தூரம் குறையாது. பனிக்கால டயரும், குறைந்த வேகமும், முன்செல்லும் வண்டியிலிருந்து போதிய இடைவெளியுமே உயிர் காப்பவை.

அன்பு மாணவியரே! கருவி எத்துணைச் சிறந்ததாயினும், எப்போது உயர்வது, எப்போது தாழ்வது என அறிந்து நடத்துவது மனிதரின் பொறுப்பேயன்றோ!